நானும் கண்ணால் பார்த்த சாட்சிதான்

அப்பு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கும் தெரியும். ஜெயிலுக்கு வருகிற கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்களாம். நன்றாகப் படிக்கட்டும். உரக்கப் படித்தாலும் எனக்குச் சம்மதம். இதையே இன்னொரு தாளிலும் எழுதி, அச்சில் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் போடட்டும் என்று கொடுக்கப் போகிறேன். நம் தெருக்காரர்கள் படிக்க வேண்டும். ஜீப் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்கள் படிக்க வேண்டும். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "சத்துணவு அமைப்பாளரு மகன்தான் அந்தக் கஞ்சா கேசு" என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

போன வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பீலெல்லாம் வேணாம்மா, விட்டுரு. மிச்சத்தையும் கழிச்சுட்டு வந்துர்றேன். வந்து மலையாளத்துப் பக்கம் எங்கிட்டாச்சும் போயிப் பொழச்சுக்கிறேன்" என்றாய். அப்பீலுக்காக நான் பிடித்த புது வக்கீலம்மா அனுப்பிய வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிலும் அத்தனை தாய்மார் கத்திப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் என் வாயிலிருந்து எது வந்திருந்தாலும் அது உன்னைத் திட்டியதாகத்தான் இருந்திருக்கும். மதுரையிலிருந்து போடி வந்து சேரும்வரை பஸ்சில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "பல்லு வலியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்பீலுக்கான கெடு ஏற்கனவே தாண்டிவிட்டது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மனுவும் சேர்த்துப் போட்டால் ஹைகோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள், இதற்கு மேலும் இழுத்தால் கஷ்டம் என்கிறார் வக்கீலம்மா. செவ்வாய்க்கிழமை அவரே நேரில் உன்னிடம் வருகிறார். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இந்த ஊரில் எல்லோரும் அதைத் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிச் சொல்லி, எது நடந்தது என்பதே ஒருவருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது. அது கார்த்திகை மாதம். போடிமெட்டில், ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், காலை ஏழு மணிவாக்கில், ஒருவன் பெஞ்சுக்கு அடியில் ஒரு பையை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரர்கள் இருவர் வருவதைப் பார்த்ததும் கிளாசை வைத்துவிட்டு எழுந்து நடந்தான். கூப்பிட்டார்கள், ஓடினான். ஆளுக்கு ஆள் தெரியாத மஞ்சு, அப்படி ஒரு பனிமூட்டம். பிடிக்க முடியவில்லை. பையில் கஞ்சா. இவ்வளவுதான் நடந்தது. பையில் பேர் இல்லை, போன் இல்லை, விரல் ரேகை எடுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பை உன்னுடையது என்று சொல்ல உலகத்தில் இருப்பது ஒரே ஒரு மனிதரின் கண். டீக்கடைக்காரரின் கண். போலீஸ்காரர்கள் பார்த்தது ஓடுகிறவனின் முதுகை.

அந்தக் கண் எதைப் பார்த்தது என்று கேள். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். கார்த்திகையில் போடியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறுகிற ஜீப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். அந்த வழியே சபரிமலைக்குப் போகிற வண்டிகளில் வருகிறவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் இருப்பார்கள். மாலை போட்டுவிட்டால் பேர் கிடையாது, சாதி கிடையாது, எல்லோரும் சாமி. பெற்ற நானே உன்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டேன். மாலை போட்டவரைக் கண்டால் நம் ஆட்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். குனிந்து டீ கொடுப்பார்கள். முகத்தை யார் பார்க்கிறார்கள்? மாலையைத்தான் பார்க்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கடைக்காரரும் மாலையைப் பார்த்துத்தான் கும்பிட்டார். பிறகு போலீஸ் கேட்டபோது, "தெனம் ஜீப்புல வர்ற சாமி மாதிரி இருந்துச்சு" என்றார். நன்றாகக் கவனி. அவர் முதலில் சொன்னது 'மாதிரி'தான். கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த 'மாதிரி' எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது.

ஜீப் ஸ்டாண்டில் போய், தினம் வருகிற சாமிகளில் அன்று வராதது யார் என்று போலீஸ் விசாரித்தது. நீதான் வரவில்லை. நீ வேலை பார்க்கிற ஏலக்காய் எஸ்டேட்டில் உன் பேருக்கு நேரே ஆப்சென்ட். காய்ச்சலில் படுத்தவன் வேலைக்கு வரமாட்டான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. வேலைக்கு வராதவன் கஞ்சா கடத்தத்தான் போயிருப்பான் என்று தோன்றியிருக்கிறது. இரண்டொரு நாள் கழித்து அவர்கள் நம் வீட்டுக்கு வந்தபோது நீ குளித்துக்கொண்டிருந்தாய். "சாமி குளிச்சுக்கிட்டு இருக்கு, உக்காருங்க சார்" என்று நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. ஸ்டேஷனில் உன் மாலையைக் கழற்றச் சொன்னார்கள். அதற்கு முன்னால் மாலையும் தாடியுமாக உன்னைப் போனில் படம் எடுத்து, அதைக் கொண்டுபோய் டீக்கடைக்காரரிடம் காட்டி, "இவன்தான?" என்று கேட்டார்கள். அவர் "ஆமா சார், நம்ம சாமிதான்" என்றார். அவருக்கு எல்லா சாமியும் நம்ம சாமிதான்.

உன் குருசாமி நம் வீட்டுக்கு வந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ உள்ளே போன அடுத்த வாரம் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "தாயி, வெரதம் கலைஞ்சு போச்சு, இதுக்கு ஒரு பரிகாரம் பண்ணணும். இல்லேன்னா குத்தம் கொழுந்து விட்டு எரியும்" என்றார். "விரதத்தக் கலைச்சது எம் மகனா, ஸ்டேஷன்ல மாலையக் கழட்டச் சொன்னவுகளா? பரிகாரத்த அவுகளப் பண்ணச் சொல்லுங்க. நீங்க மொதல்ல கோர்ட்டுக்கு வந்து, இந்தப் பிள்ளை பீடி கூடக் குடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "சாமி காரியத்தக் கோர்ட்டுக்கு இழுக்காத தாயி" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. நீயும் உள்ளே உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் சாமி குத்தம் என்று நினைப்பதாக உன் அப்பாவிடம் சொன்னாயாமே. மாலை போட்டதிலிருந்து ஒரு நாள் தவறாமல் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்தவன் மேல் எந்தச் சாமிக்குக் கோபம் வரும்? கோபம் வருகிற ஆள் நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன். என்னை நினைத்துக்கொள், போதும்.

கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆளைத் தெரியாத சாட்சி என்றால், உன்னை உன் போன்ற பலரோடு வரிசையில் நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னால் வைத்து, இதில் யார் என்று கேட்க வேண்டுமாம். அடையாள அணிவகுப்பு என்று பேர். அது நடக்கவே இல்லை. ஏன் நடத்தவில்லை என்றால், சாட்சிக்கு உன்னை முன்பே தெரியுமாம். தெரியும் என்றால் எப்படி? உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த எஸ்டேட் என்று தெரியாது. தினம் காலையில் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவன் என்று தெரியும். அந்தத் தெரிதல்தான் உன்னைக் கெடுத்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று மனசில் ஒன்று கிடக்கும். எங்கே, எப்போது என்று கேட்டால், கேட்கிறவருக்கு எது வேண்டுமோ அந்த இடத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடும். கோர்ட்டில் நீ மழித்த முகத்தோடு கூண்டில் நின்றாய். அவர் நேரே உன்னைக் கை காட்டினார். கூண்டில் நிற்பது ஒரே ஒரு ஆள்தான். வேறு யாரைக் காட்டுவார், ஜட்ஜையா காட்டுவார்? நம் பழைய வக்கீல் எழுந்து தராசைப் பற்றியும் பையில் வைத்த அரக்கு முத்திரையைப் பற்றியும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பையின் எடை சரியோ தப்போ, பை உன்னுடையதே அல்ல என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது.

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அன்று காலை உன் மகன் எங்கே இருந்தான் என்று கேட்டார்கள். வீட்டில் இருந்தான், காய்ச்சல் என்றேன். வேறு யார் பார்த்தது என்றார்கள். யாரும் பார்க்கவில்லை என்றேன். அதுதான் உண்மை. மாலை போட்ட வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டென்று வரமாட்டார்கள், தீட்டுக் கீட்டு இருந்தால் பாவம் என்று தெருவோடு பேசிவிட்டுப் போய்விடுவார்கள். உன் அப்பா விடியுமுன்னே ஏலக்காய் குடோனுக்கு லோடு இறக்கப் போய்விட்டார். நான் மட்டும்தான். தீர்ப்பில் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். பெற்ற தாய், மகனைக் காப்பாற்றத்தான் பேசுவாள், ஆகவே ஏற்பதற்கில்லை. டீக்கடைக்காரருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை, ஆகவே ஏற்கிறேன். பொய் சொல்லக் காரணம் இல்லாதவன் தப்பாகப் பார்த்திருக்க முடியாதா? மஞ்சுக்குள்ளே ஒரு டீ குடிக்கிற நேரம் தாடியைப் பார்த்தவர் கண்ணால் கண்ட சாட்சி. நீ பிறந்த நாளிலிருந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் வேண்டியவள், வெறும் வாய். அந்த இரண்டு வரியை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் கேட்டுக்கொள். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். மூன்றாம் வகுப்பில் தண்ணீர்த் தொட்டிக் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். டீச்சர் எல்லோரையும் சாயங்காலம் நிறுத்தி வைத்து, உண்மை வெளியே வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்றார். நீ கையைத் தூக்கினாய். மறுநாள் நான் போய்ச் சண்டை போட்டேன். அந்தக் குழாய் உனக்கு எட்டவே எட்டாது. உன்னைத் தூக்கிக் காட்டி, "இவனுக்கு எட்டுதா பாருங்க டீச்சர்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ஏன்டா ஒத்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் பசிச்சுச்சும்மா" என்றாய். தெருவில் எல்லோரும் உன்னை நல்ல பிள்ளை என்றார்கள். நான் அன்றைக்கே சொன்னேன், இது நல்ல குணம் இல்லை, பிறர் கத்துவது நின்றால் போதும் என்கிற குணம் என்று. இப்போதும் அதையேதான் செய்கிறாய். நீ கையைத் தூக்கிவிட்டால் அப்பா நிம்மதியாக இருப்பார், அம்மா மதுரைக்கு அலைய வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நான் போக மாட்டேன் அப்பு. எனக்குப் பசிக்கவில்லை.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஏறி மேட்டுக்குப் போனேன், அந்த டீக்கடைக்கு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் ஆள் இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் சிரித்து, பெஞ்சைத் துடைத்துவிட்டு, "வாங்கம்மா, சீனி தூக்கலாத்தான?" என்றார். கோர்ட்டில் அவருக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், அவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அவர் முகம் எனக்குச் செத்தாலும் மறக்காது. "என்னயத் தெரியுதா அண்ணே?" என்றேன். "தெரியாமயா? பூப்பாறை ஆஸ்பத்திரில சீட்டு எழுதிக் குடுப்பீகள்ல, எங்க வீட்டம்மாவுக்கு ஊசி போட வந்தப்பக்கூடப் பேசுனமே" என்றார். நான் அந்த ஆஸ்பத்திரிக்குள் காலடி வைத்ததே இல்லை. இல்லை என்று சொன்னேன். "சும்மா சொல்லாதீக, பாத்த மொகம் எனக்கு மறக்காது" என்றார்.

நான் யார் என்று சொன்னேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அதைக்கூட இறக்கவில்லை. "நான் பொய் சொல்லலம்மா" என்றார். "நீங்க பொய் சொன்னீகன்னு நான் சொல்லல. அன்னைக்குப் பாத்த மொகமா, தெனம் பாத்த மொகமா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். வழிந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, "போட்டோவுல பாத்தப்ப அந்த மொகந்தான்னு தோணுச்சு. அதுக்கப்புறம் அன்னைக்கு வந்த ஆள நெனச்சா இந்தப் பிள்ளை மொகந்தான் வருது. வேற மொகம் வரமாட்டேங்குது, நான் என்ன செய்ய?" என்றார். இதைக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்றேன். "மாத்திச் சொன்னா என்னயத் தூக்கி உள்ள வச்சிருவாக. எனக்கும் பிள்ளைக இருக்கு தாயி" என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அவர் கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். கெட்டவர் இல்லை. ஒரு நல்ல மனிதர் நல்ல மனசோடு சொன்ன தப்பான வார்த்தையைத் தூக்கி, அதை ஒருமுறை தட்டிப் பார்க்காமல், உனக்கு மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். தட்டிப் பார்ப்பதுதானே அவர்கள் வேலை? அதற்குத்தானே அத்தனை பெரிய கட்டடமும், கறுப்புக் கோட்டும், எழுந்து நிற்பதும் உட்காருவதும்?

புது வக்கீலம்மா சாட்சியங்களை முழுக்கப் படித்துவிட்டார். டீக்கடைக்காரர் வந்து மாற்றிச் சொல்லவே தேவையில்லை, ஏற்கனவே சொல்லியிருப்பதே போதும் என்கிறார். போட்டோ காட்டினார்கள் என்று அவரே கூண்டில் சொல்லியிருக்கிறார், அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. ஓடியவன் உயரமா குட்டையா, கறுப்பா சிவப்பா என்று முதல் வாக்குமூலத்தில் ஒரு சொல் இல்லை. அணிவகுப்பு இல்லை. "ஜெயிக்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்மா, ஆனா இது நிக்கிற கேசு" என்றார். பொய்யாக நம்பிக்கை கொடுக்காத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. உன் அப்பாவுக்கு மட்டும் இன்னும் மனசில்லை. "விடு, வந்ததும் அவன் பாட்டுக்கு ஒரு சோலியப் பாக்கட்டும், ஊரு மறந்துரும்" என்கிறார். ஊர் மறக்காது. அப்படியே மறந்தாலும், மறப்பதற்கு நீ என்ன செய்தாய்? செய்யாத ஒன்றை மறந்து மன்னித்துவிட்டேன் என்று நாளைக்கு எவனாவது உன் தோளில் தட்டுவான். அதற்கு நீ தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒரு தலையாட்டலை நான் உயிரோடு இருந்து பார்க்க மாட்டேன்.

இதையெல்லாம் எழுதியது கடைசியில் வரப்போகிற ஒன்றைத் தள்ளிப்போடத்தான். போன வாரம் நேரம் முடிந்து மணி அடித்த பிறகு, வலையில் முகத்தை வைத்து நீ என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டாயே. "அம்மா, எனக்குக் காய்ச்சல் அடிச்சது அன்னைக்குத்தானா? இல்ல அதுக்கு மொத நாளா? யோசிச்சு யோசிச்சு எனக்கே தெரிய மாட்டேங்குதும்மா." நான் பதில் சொல்வதற்குள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று. உன்னை அடைத்துவைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீ எங்கே இருந்தாய் என்பதை உனக்கே தெரியாமல் ஆக்கிவிட்டார்களே, அந்தப் பாவிகளை நான் பொறுக்க மாட்டேன்.

கேள். கோர்ட்டில் என்னிடம் யாரும் கேட்காததை இங்கே சாட்சியாகச் சொல்கிறேன். அன்று நம் தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாள். விடியுமுன் நீ எழுந்து குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்து அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் வெறும் பாயில் படுத்தாய். நெற்றி கொதித்தது. என் பழைய சேலையை மடித்துத் தலைக்கு வைத்தேன். விரதத்தில் தலையணை ஆகாது என்று உருவிப் போட்டாய். நான் குடம் குடமாகத் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டு டிரம்மைத் தூக்க எழுந்தாய், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து அப்படியே சுவரோடு உட்கார்ந்தாய். சாமி என்றும் பார்க்காமல் நான் உன்னைத் திட்டினேன். கஞ்சி வைத்தேன், பாதி குடித்தாய். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய், வாய் லேசாகத் திறந்திருந்தது. அது எந்த நாள் என்றுதானே கேட்கிறாய்? அன்று சாயங்காலம் உன் அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "மேட்டுல காலைல கஞ்சாப் பையப் புடிச்சாகளாம், ஆளு ஓடிட்டானாம், ஜீப்பு பூராத்தையும் நிப்பாட்டி வச்சிட்டாகளாம்" என்று சொன்னார். நீ பாயில் படுத்தபடியே அதைக் கேட்டுச் சிரித்தாய். சிரித்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "நல்லவேளம்மா, இன்னைக்கு நான் போகல."

இப்படிக்கு,
உன் அம்மா